அமெரிக்கத் தேர்தலில் அந்நியப் பணம்: கட்சிக்கொரு நியாயமா?

2025 ஜூலை 21 (வாசகர் ஒருவரின் கேள்வி)

2016 இல் டிரம்பின் மகன் ரஷ்ய வழக்கறிஞர் ஒருவரைச் சந்தித்ததைத் தேசத் துரோகம் என்கிறார்கள். அதே ஆண்டில் ஹிலாரி கிளிண்டனின் பிரசாரக் குழு, பிரிட்டனின் முன்னாள் உளவு அதிகாரி ஒருவருக்குப் பணம் கொடுத்து, ரஷ்யர்கள் வாயிலாக டிரம்பைப் பற்றிய செய்திகளைத் திரட்டியது. இரண்டுமே வெளிநாட்டுத் தலையீடுதானே? ஒன்றைக் குற்றம் என்றும் மற்றொன்றை ஆய்வு என்றும் எப்படிப் பிரிக்கிறார்கள்? தேசிய உளவு இயக்குநர் துளசி கப்பார்ட் இப்போது வெளியிட்டிருக்கும் ஆவணங்களைப் பார்த்தால் ரஷ்ய விவகாரம் முழுவதுமே ஜோடிக்கப்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

2025 ஜூலை 21, இரவு

சட்டத்தின் வாசகத்திலிருந்து தொடங்குகிறேன். இந்த விவகாரத்தில் இரு கட்சியினரும் முதலில் கைகழுவுவது அதைத்தான். வெளிநாட்டவர் எவரும் அமெரிக்கத் தேர்தல் எதற்கும் பணமோ, மதிப்புள்ள வேறு எதையுமோ வழங்கக் கூடாது என்பதும், அவர்களிடம் அதைக் கேட்பதும் பெறுவதும் குற்றம் என்பதும் தேர்தல் நிதிச் சட்டத்தின் விதி. விலை கொடுத்து வாங்குவதை அந்த விதி தடுக்கவில்லை. ஹிலாரியின் பிரசாரக் குழுவும் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுவும் பெர்கின்ஸ் கூயி என்ற சட்ட நிறுவனத்தின் வழியாக ஃபியூஷன் ஜிபிஎஸ் என்ற ஆய்வு நிறுவனத்துக்கு ஏறத்தாழ 10 லட்சம் டாலர் கொடுத்தன. ஃபியூஷன் அதிலிருந்து, நீங்கள் சொன்ன முன்னாள் உளவு அதிகாரி கிறிஸ்டோபர் ஸ்டீலின் லண்டன் நிறுவனத்துக்கு 1,68,000 டாலர் கொடுத்தது. ஸ்டீல் வெளிநாட்டவர்தான் என்றாலும் கூலி பெற்றுக்கொண்டு வேலை செய்தவர் என்பதால், சட்டத்தின் கண்ணில் அவர் நன்கொடையாளர் ஆகமாட்டார்.

2016 ஜூன் 9 அன்று டிரம்ப் டவரில் நடந்த சந்திப்போ இலவசமாக வந்த ஒன்று. ஹிலாரிக்கு எதிரான தகவல்களைத் தருகிறோம், இது டிரம்புக்கு ரஷ்ய அரசு அளிக்கும் ஆதரவின் ஒரு பகுதி என்று மின்னஞ்சல் வந்தது. டிரம்ப் ஜூனியர் அதை மகிழ்ச்சியோடு வரவேற்று, டிரம்பின் மருமகன் ஜாரெட் குஷ்னரையும் பிரசாரத் தலைவர் பால் மேனஃபோர்ட்டையும் உடன் அழைத்துக்கொண்டு போனார். ரஷ்யத் தலையீட்டை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் முல்லர் இதைத் தேர்தல் நிதிக் குற்றமாகத் தொடுக்கலாமா என்று ஆராய்ந்து, இரண்டு காரணங்களைச் சொல்லி விட்டுவிட்டார். செய்வது சட்டவிரோதம் என்று தெரிந்தே செய்தார்கள் என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவுவது கடினம் என்பது முதலாவது. தருவதாகச் சொன்ன தகவலின் மதிப்பு குற்ற வழக்குக்குத் தேவையான 2,000 டாலரையும், பெருங்குற்றத்துக்குத் தேவையான 25,000 டாலரையும் தாண்டியது என்று காட்டுவது கடினம் என்பது இரண்டாவது.

ஆகவே உங்கள் கேள்விக்குச் சட்டம் தரும் விடை: காசு கொடுத்தவர் தப்பினார், காசு கொடுக்காதவர் சிக்கலில் மாட்டி, பிறகு அவரும் தப்பினார். இந்த விடை உங்களுக்குக் கசக்கும் என்று தெரியும். எனக்கும் கசக்கத்தான் செய்கிறது.

2025 ஜூலை 22

"விலை கொடுத்துவிட்டால் எல்லாம் புனிதமாகிவிடுமா?" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். ஆகாது. அந்தச் செலவை ஹிலாரி தரப்பு கணக்கில் சட்டச் சேவை என்று காட்டியது. எதிராளியைப் பற்றிய ஆய்வு என்று காட்டவில்லை. அதற்காகத் தேர்தல் ஆணையம் 2022 இல் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுவுக்கு 1,05,000 டாலரும் பிரசாரக் குழுவுக்கு 8,000 டாலரும் அபராதம் விதித்தது. கோடிக்கணக்கில் செலவழித்த ஒரு பிரசாரத்துக்கு 8,000 டாலர் அபராதம் என்பதைக் கேட்டுக் குடியரசுக் கட்சிக்காரர்கள் கொதித்ததில் வியப்பில்லை. அதைவிடப் பெரிய பிழை எஃப்பிஐ அமைப்பில் நடந்தது. டிரம்ப் பிரசாரத்தின் ஆலோசகராக இருந்த கார்ட்டர் பேஜைக் கண்காணிக்க நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுக்களில் ஸ்டீலின் அறிக்கையைச் சேர்த்துக்கொண்டு, அதன் பலவீனங்களை மறைத்தார்கள். நீதித் துறையின் தலைமை ஆய்வாளர் மைக்கேல் ஹோரோவிட்ஸ் 2019 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை அந்த மனுக்களில் 17 முக்கியப் பிழைகளைப் பட்டியலிட்டது. விசாரணையைத் தொடங்கியதற்குப் போதிய அடிப்படை இருந்தது என்று சொன்னதும் அதே அறிக்கைதான். ஒரு கட்சிக்காரர் முதல் வாக்கியத்தை மட்டும் மேற்கோள் காட்டுவார், மற்றவர் இரண்டாவதை மட்டும்.

2025 ஜூலை 23

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று ஒரு நண்பர் கேட்டதால் சொல்கிறேன். நான் ஒஹையோ மாநிலத்தில் கிரீன் கார்டோடு வாழ்கிறேன். வாக்களிக்க முடியாது, ஆனால் நன்கொடை தர முடியும். வெளிநாட்டவர் நன்கொடைக்கான தடை 1966 இல் வெளிநாட்டு முகவர்களைப் பற்றிய சட்டத்தில் நுழைந்தபோது குறுகலாக இருந்தது. 1974 இல் அது எல்லா வெளிநாட்டவருக்கும் விரிவாக்கப்பட்டபோது, நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். எச்1பி விசாவில் இருபது ஆண்டுகள் வரி கட்டியவர் ஐந்து டாலர் கூடத் தரக் கூடாது, நேற்றுக் கிரீன் கார்டு பெற்றவர் தரலாம் என்பதே இன்றைய நிலை. விசாவில் இருப்பவர் ஊதியம் பெறாமல் தொண்டராகப் பணியாற்றலாம், வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டலாம், ஆனால் ஒரு பதாகைக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

இதை எதிர்த்து 2011 இல் நடந்த புளூமன் வழக்கு சுவையானது. விசாவில் இருந்த இருவர் தொடுத்தார்கள். ஒருவர் ஒபாமாவுக்காகத் துண்டறிக்கை அச்சிட விரும்பியவர், மற்றவர் குடியரசுக் கட்சிக்கு நன்கொடை தர விரும்பியவர். இருவரும் தோற்றார்கள். தங்களைத் தாங்களே ஆளும் செயலிலிருந்து அந்நியரை விலக்கிவைக்க ஒரு நாட்டு மக்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பை எழுதியவர் அப்போது வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிபதியாக இருந்த பிரெட் கேவனா. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விரிவான விசாரணையின்றி அதை உறுதிசெய்தது. வெளிநாட்டுத் தலையீட்டைப் பற்றிக் குடியரசுக் கட்சிக்கு அக்கறையே இல்லை என்று எழுதியவருக்கு இதைச் சுட்டுகிறேன்: இன்றைக்கும் இந்தத் தடையைத் தாங்கிநிற்கும் தீர்ப்பு அவர்கள் நியமித்த ஒரு நீதிபதியின் கையால் எழுதப்பட்டது.

நன்கொடைப் பக்கங்களில் "நான் அமெரிக்கக் குடிமகன் அல்லது நிரந்தர வசிப்புரிமை பெற்றவன்" என்ற கட்டத்தில் ஒரு குறியிடச் சொல்வார்கள், யாரும் சரிபார்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு நம்மவர் ஒருவர் வீட்டில் ஒரு வேட்பாளருக்காக விருந்து நடந்தது. எச்1பியில் இருந்த இளைஞர்களிடம், "தம்பி, நீங்கள் என்னிடம் ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள், என் பெயரிலும் வீட்டுக்காரி பெயரிலும் எழுதிக்கொள்கிறேன், புகைப்படத்தில் நீங்களும் நிற்கலாம்" என்று விருந்து வைத்தவர் சிரித்தபடி சொன்னார். அது குற்றம் என்று நான் சொன்னபோது, "அண்ணே, எல்லா ஊர்க்காரனும் இப்படித்தான் செய்கிறான்" என்று பதில் வந்தது. அந்த இளைஞர்களில் ஓரிருவர் கொடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பிடிபட்டிருந்தால் அவர்களுடைய விசா போயிருக்கும், வேட்பாளருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பினாமி நன்கொடை என்றால் என்ன என்பதை நான் கற்றது அந்த வீட்டில்தான்.

2025 ஜூலை 24

ஒஹையோ என்றதும் ஒருவர் 2024 சட்டத்தை நினைவூட்டினார். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பெருஞ்செல்வர் ஹான்ஸ்யோர்க் விஸ், இடதுசாரி அமைப்புகளின் வழியாக மாநில வாக்கெடுப்புகளில் பணம் பாய்ச்சுகிறார் என்பது குடியரசுக் கட்சியின் குற்றச்சாட்டு. கூட்டாட்சிச் சட்டத்தின் தடை வேட்பாளர் தேர்தல்களுக்கு மட்டுமே, மாநிலக் கருத்து வாக்கெடுப்புகளுக்குப் பொருந்தாது என்று தேர்தல் ஆணையம் 2021 இல் கருதியதால், அந்த ஓட்டை உண்மையிலேயே இருந்தது. அதை அடைக்க ஒஹையோ கொண்டுவந்த சட்டம் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களையும் வெளிநாட்டவர் பட்டியலில் சேர்த்துவிட்டது. 2024 ஆகஸ்டு இறுதியில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அந்தப் பகுதியை நிறுத்திவைத்தார். அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நிறுத்தத்தை விலக்கியது. ஆக, அமெரிக்க அதிபர் வேட்பாளருக்கு நான் நன்கொடை தரலாம், என் மாநிலத்தின் தொகுதி எல்லைகளைப் பற்றிய வாக்கெடுப்புக்குத் தரக் கூடாது என்ற நிலையில் அந்தத் தேர்தல் நடந்தது. விஸ்ஸின் பணத்தைப் பற்றிய அவர்களுடைய கவலை நியாயமானது என்றே நினைக்கிறேன். அவருக்காக விரித்த வலையில் என்னைப் போன்றவர்களும் விழுந்ததுதான் எரிச்சல்.

2025 ஜூலை 26

1996 ஐப் பேசாமல் 2016 ஐப் புரிந்துகொள்ள முடியாது. அன்று நாற்காலிகள் இடம் மாறியிருந்தன: வெளிநாட்டுத் தலையீடு என்று கூக்குரலிட்டவர்கள் குடியரசுக் கட்சியினர், ஆதாரம் எங்கே என்று கேட்டவர்கள் ஜனநாயகக் கட்சியினர்.

பில் கிளிண்டனின் இரண்டாவது தேர்தலுக்காக ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு திரட்டிய நன்கொடைகளில் 28 லட்சம் டாலர் அளவுக்குப் பிறகு திருப்பித் தர வேண்டியதாயிற்று. இந்தோனேசியாவின் லிப்போ குழுமத்தில் பணியாற்றிப் பின்னர் வர்த்தகத் துறையிலும், அதன் பின் கட்சியின் நிதி திரட்டும் பணியிலும் அமர்ந்த ஜான் ஹுவாங், கிளிண்டனின் ஆர்கன்ஸா நாட்களிலிருந்து நண்பரான சார்லி டிரை, கலிபோர்னியத் தொழிலதிபர் ஜானி சங் ஆகிய மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். சீன ராணுவ உளவுத் தலைவராக இருந்த ஜி ஷெங்தே தனக்கு 3,00,000 டாலர் கொடுத்தார் என்று சங் விசாரணையில் சொன்னார். லிப்போ குடும்பத்தின் ஜேம்ஸ் ரியாடி 2001 இல் 86 லட்சம் டாலர் அபராதம் கட்டினார். தேர்தல் நிதி வழக்கில் அதுவரை எவரும் அவ்வளவு கட்டியதில்லை. 1996 ஏப்ரலில் துணை அதிபர் அல் கோர் கலிபோர்னியாவின் ஷி லாய் பௌத்த ஆலயத்துக்குப் போனார். துறவிகளும் துறவினிகளும் தம் பெயரில் நன்கொடை எழுத, அந்தப் பணத்தை ஆலயம் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. செனட் குழுவின் முன் வந்த துறவினிகள், ஆலயத்துக்குத் தலைகுனிவு வரக் கூடாது என்று ஆவணங்களை அழித்ததாகச் சாட்சி சொன்னார்கள். நன்கொடைகளை ஏற்பாடு செய்த மரியா ஷியா 2000 இல் குற்றவாளி என்று தீர்ப்பானது.

செனட் குழுவின் தலைவர் ஃபிரெட் தாம்சன், அமெரிக்க அரசியலில் செல்வாக்குப் பெறச் சீன அரசு திட்டம் தீட்டியது என்று 1997 ஜூலையில் அறிவித்து விசாரணையைத் தொடங்கினார். ஜனநாயகக் கட்சியின் ஜான் கிளென் தரப்பு உடனே எதிர்க்கதை ஒன்றை எடுத்து வைத்தது. குடியரசுக் கட்சித் தலைவர் ஹேலி பார்பர் நடத்திய நேஷனல் பாலிசி ஃபோரம் என்ற அமைப்பு, ஹாங்காங் தொழிலதிபர் ஒருவரின் பொறுப்புறுதியின் பேரில் 1994 இல் 21 லட்சம் டாலர் கடன் வாங்கி, அதில் 16 லட்சத்தைக் கட்சிக்குத் தந்திருந்தது. இறுதியில் பெரும்பான்மை ஓர் அறிக்கையும் சிறுபான்மை இன்னோர் அறிக்கையும் எழுதின. தனி வழக்கறிஞரை நியமிக்க எஃப்பிஐ இயக்குநர் லூயி ஃப்ரீ பரிந்துரைத்தும், சட்டத் துறை அமைச்சர் ஜேனட் ரீனோ மறுத்துவிட்டார்.

இதில் என்னை உறுத்துவது வேறொரு பக்கம். விவகாரம் கிளம்பியதும் ஜனநாயகக் கட்சி தன் நன்கொடையாளர்களைத் தணிக்கை செய்தது. ஆசியப் பெயர் கொண்டவர்களைத் தொலைபேசியில் அழைத்து, நீங்கள் குடிமகனா, உங்கள் வருமானம் எவ்வளவு என்று விசாரித்தார்கள். மூன்று தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களுக்கும் அந்த அழைப்பு போனது. வெளிநாட்டுத் தலையீட்டைப் பற்றிய கட்சிச் சண்டை உச்சத்துக்குப் போகும்போதெல்லாம், தூதரகமும் உளவுத்துறையும் இருக்குமிடத்தை விட்டுவிட்டு, வாயில் நுழையாத பெயர் உள்ள எங்களைப் போன்றவர்களிடம்தான் முதலில் சான்று கேட்கிறார்கள்.

2025 ஜூலை 26, இரவு

ஆம், அல் கோர் தன் நிதி திரட்டலுக்கு என்ன விளக்கம் சொன்னார் என்று கேட்டவருக்கு: வெள்ளை மாளிகையிலிருந்தே நன்கொடை கேட்டுத் தொலைபேசியில் பேசியதைப் பற்றி 1997 மார்ச்சில் செய்தியாளர்கள் கேட்டபோது, அதைத் தடுக்கும் "கட்டுப்படுத்தும் சட்ட அதிகாரம்" எதுவும் இல்லை என்று அவருடைய வழக்கறிஞர்கள் கருதுவதாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு மனிதர் தவறே செய்யாதபோதும் தவறு செய்தவரைப் போல ஒலிக்க வேண்டுமென்றால், அந்தப் பேட்டியைப் பாடமாக வைக்கலாம்.

2025 ஜூலை 28

வாய்ப்பூட்டுப் பணத்தை, அதாவது ஒருவரைப் பேசாமல் இருக்கவைக்கத் தரும் பணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதில் வெளிநாடு இல்லை என்றாலும் இழையின் மற்றப் பாதி அதுதான் என்பதால் எழுதுகிறேன்.

2008 தேர்தலில் போட்டியிட்ட ஜனநாயகக் கட்சியின் ஜான் எட்வர்ட்ஸ், தன் காதலியையும் குழந்தையையும் மறைத்து வைக்க இரு செல்வர்கள் கொடுத்த ஏறத்தாழ 10 லட்சம் டாலருக்காக 2011 இல் குற்றஞ்சாட்டப்பட்டார். விசாரணையை நடத்திய கூட்டாட்சி வழக்கறிஞர் ஜார்ஜ் ஹோல்டிங், பதவி விலகிக் குடியரசுக் கட்சியின் சார்பில் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பணம் நன்கொடை ஆகாது, குடும்ப விவகாரம் என்று எட்வர்ட்ஸுக்காகச் சாட்சி சொன்னவர், தேர்தல் ஆணையத்தின் முன்னாள் தலைவரான ஸ்காட் தாமஸ். அவர் ஜனநாயகக் கட்சிக்காரர். ஜூரியின் காதில் விழாதபடி அந்தச் சாட்சியத்தைப் பெற்றார்கள். 2012 மே 31 இல் ஒரு குற்றச்சாட்டில் விடுதலை, மற்ற ஐந்தில் ஜூரி ஒருமித்து வரவில்லை. அரசு வழக்கைக் கைவிட்டது.

2016 இல் டிரம்பின் வழக்கறிஞர் மைக்கேல் கோஹன், டிரம்போடு உறவு இருந்ததாகச் சொன்ன நடிகை ஸ்டார்மி டேனியல்ஸுக்கு, அதை வெளியே பேசாதிருக்க 1,30,000 டாலர் கொடுத்தார். ஒரு தனிமனிதர் ஒரு தேர்தலில் ஒரு வேட்பாளருக்குத் தரக்கூடிய உச்சம் அப்போது 2,700 டாலர். 2018 ஆகஸ்டில் கோஹன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, டிசம்பரில் மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அந்தப் பணத்தை மறைக்கப் பொய்க்கணக்கு எழுதியதாக டிரம்ப்மீது நடந்த நியூயார்க் வழக்கில், அந்தப் பணம் தேர்தல் நன்கொடை ஆகாது என்று டிரம்புக்காகச் சொல்லத் தயாராக இருந்தவர், தேர்தல் ஆணையத்தின் இன்னொரு முன்னாள் தலைவரான பிராட்லி ஸ்மித். அவர் குடியரசுக் கட்சிக்காரர். அவர் எதைப் பேசலாம் என்பதை நீதிபதி குறுக்கிவிட்டதால் டிரம்ப் தரப்பினர் அவரை அழைக்கவில்லை. 2024 மே 30 இல் 34 குற்றச்சாட்டுகளிலும் டிரம்ப் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. 2025 ஜனவரி 10 இல் தண்டனை ஏதுமின்றி விடுவித்தார்கள்.

"மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பொருத்தம்தான், ஆனால் இந்த வீட்டில் நான்கு ஆண்டுக்கொருமுறை மாமியாரும் மருமகளும் இடம் மாறிக்கொள்கிறார்கள், வசனத்தை மட்டும் ஒருவரிடமிருந்து மற்றவர் அப்படியே வாங்கிக்கொள்கிறார்.

2025 ஜூலை 29

முதல் நாள் எழுதியதை மீண்டும் யோசித்தேன். டிரம்ப் டவர் தகவலுக்கு விலை மதிப்பிட முடியாது என்ற முல்லரின் காரணத்தை நான் அப்படியே கடந்துபோயிருந்தேன். எதிராளியைப் பற்றிய தகவலுக்குச் சந்தையில் என்ன விலை என்பதற்கு அதே தேர்தலிலேயே ஒரு ரசீது இருக்கிறது: ஸ்டீலுக்குக் கொடுத்த 1,68,000 டாலர். பெருங்குற்றத்துக்கு வேண்டிய 25,000 டாலரைவிட அது ஆறு மடங்குக்கும் அதிகம். இதை ஜனநாயகக் கட்சியினர் வாதமாக வைத்து நான் பார்த்ததில்லை. வைத்தால் ஸ்டீலின் பெயரைத் தாங்களே மேடைக்கு அழைக்க வேண்டியிருக்கும். குடியரசுக் கட்சியினரோ ஸ்டீலைப் பற்றி இடைவிடாமல் பேசுகிறார்கள். அப்படிப் பேசும்போதெல்லாம், வேட்பாளருக்குத் தகவல் என்பது விலைபோகும் பண்டம் என்பதைத் தாங்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

முல்லர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அந்தச் சந்திப்பில் கடைசியில் கையில் வந்தது மிகக் குறைவு, வராத சரக்குக்கு எந்த ரசீதை வைத்து விலை போடுவது? ஆனாலும் 2019 இல் உக்ரைன் அதிபருடன் டிரம்ப் பேசிய தொலைபேசி உரையாடலிலும், பைடனை விசாரிக்கும்படி கேட்ட உதவிக்கு விலை மதிப்பிட முடியாது என்று சொல்லியே நீதித் துறை தேர்தல் நிதிக் குற்றம் இல்லை என்று முடித்தது. ஒரே வாயிலில் இரண்டு முறை வெளியேறிய பிறகு, அந்த வாயிலை அடைக்கும் திருத்தம் எதுவும் காங்கிரஸில் தேறவில்லை.

2025 ஆகஸ்டு 1

கப்பார்ட் வெளியிட்ட ஆவணங்களுக்கு வருகிறேன். அவற்றில் திரும்பத் திரும்ப வருவது, ரஷ்யா இணைய ஊடுருவலால் வாக்கு எண்ணிக்கையை மாற்றவில்லை என்ற உளவுத்துறைக் கணிப்பு. அதை யாரும் மறுத்ததில்லை. ரஷ்யா செய்ததாக முல்லர் குற்றஞ்சாட்டியது வேறு இரண்டு செயல்கள்: பீட்டர்ஸ்பர்கிலிருந்து இயங்கிய இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி என்ற நிறுவனத்தின் போலிக் கணக்குகள் (2018 பிப்ரவரிக் குற்றப்பத்திரிகை, 13 ரஷ்யர்கள், 3 நிறுவனங்கள்), ராணுவ உளவுத்துறையின் மின்னஞ்சல் திருட்டு (2018 ஜூலைக் குற்றப்பத்திரிகை, 12 அதிகாரிகள்). ஒன்றை மறுப்பதால் மற்றொன்று மறைந்துபோகாது. 2025 ஜூலைத் தொடக்கத்தில் சிஐஏ இயக்குநர் ஜான் ராட்கிளிஃப் வெளியிட்ட ஆய்வு, 2017 ஜனவரி மதிப்பீட்டை அவசர அவசரமாகத் தயாரித்த முறையைக் கடுமையாகக் குறைசொன்னது. ரஷ்யா தலையிட்டது என்ற முடிவை அது கவிழ்க்கவில்லை.

முதல் கேள்வியைக் கேட்ட வாசகருக்கு நான் பரிந்துரைப்பது, செனட் உளவுக் குழு 2020 ஆகஸ்டில் வெளியிட்ட ஐந்தாம் தொகுதியை. ஏறத்தாழ ஆயிரம் பக்கம்; குடியரசுக் கட்சித் தலைமையில், இரு கட்சியினரும் சேர்ந்து எழுதியது. மேனஃபோர்ட்டின் கூட்டாளி கான்ஸ்டன்டின் கிலிம்னிக் ரஷ்ய உளவு அதிகாரி என்றும், அவரிடம் மேனஃபோர்ட் பிரசாரத்தின் உள் கருத்துக்கணிப்புகளைப் பகிர்ந்தார் என்றும் அது சொல்கிறது. பிறகு பின்னிணைப்புக்குப் போய்ப் பாருங்கள். மார்கோ ரூபியோ உள்ளிட்ட குடியரசுக் கட்சியினர், டிரம்ப் ரஷ்ய அரசுடன் கூட்டுச் சேர்ந்ததற்குச் சான்றே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். கமலா ஹாரிஸ் உள்ளிட்ட ஜனநாயகக் கட்சியினர், கூட்டுச் சேருதல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். நடந்தவற்றை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட பிறகே பிரிந்திருக்கிறார்கள். இந்த விவகாரத்தில் அதுவே அபூர்வம். 2025 இல் ரூபியோ வெளியுறவு அமைச்சர், ஜோடிக்கப்பட்டது என்று சொல்லும் கப்பார்ட் அதே அமைச்சரவையில் தேசிய உளவு இயக்குநர்.

2025 ஆகஸ்டு 2

"ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கையில் திருட்டுச் சரக்கு கிடைத்திருந்தால் சும்மா இருந்திருப்பார்களா?" என்ற கேள்விக்கு ஒரு பாதி விடை இருக்கிறது. 2024 இல் ஈரானிய ஊடுருவிகள் டிரம்பின் பிரசாரக் கோப்புகளைத் திருடி, பைடன் தரப்பினர் சிலருக்கும் செய்தி நிறுவனங்களுக்கும் அனுப்பினார்கள். பைடன் தரப்பில் யாரும் பதிலளித்ததாகத் தெரியவில்லை என்று புலனாய்வு அமைப்புகள் கூறின. பெரிய பத்திரிகைகளும் வெளியிடவில்லை. 2016 இல் ஹிலாரியின் பிரசாரத் தலைவர் பொடெஸ்டாவின் திருடப்பட்ட மின்னஞ்சல்களை வாரக்கணக்கில் பக்கம் பக்கமாகப் போட்டவை அதே பத்திரிகைகள். பாடம் கற்றார்களா, சரக்கு சப்பென்று இருந்ததா என்பதை உங்கள் கட்சிக்கேற்ப முடிவு செய்துகொள்ளுங்கள்.

2025 ஆகஸ்டு 4

இவ்வளவும் எழுதிய பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று: கட்சிகள் வேட்பாளரைப் பற்றிச் சண்டையிடுகின்றன, சட்டமோ இடைத்தரகரைத் தாண்டிப் போவதே இல்லை. ஹுவாங், டிரை, சங், ஷியா தண்டிக்கப்பட்டார்கள். கிளிண்டனுக்கும் கோருக்கும் ஒன்றுமில்லை. பிராஸ் மிஷல் என்ற இசைக் கலைஞர், மலேசியாவின் ஜோ லோ கொடுத்த பணத்தை 2012 இல் ஒபாமாவின் பிரசாரத்துக்குள் கடத்தியதற்காக 2023 இல் குற்றவாளி ஆனார். பணம் எங்கிருந்து வந்தது என்று ஒபாமா தரப்புக்குத் தெரியும் என்று யாரும் நிறுவவில்லை. டிரம்ப் ஆதரவு அமைப்புக்கு 3,25,000 டாலர் கொடுத்த லெவ் பார்னஸும் இகோர் ஃப்ரூமனும் தேர்தல் நிதிக் குற்றங்களுக்காகச் சிறை சென்றார்கள். இந்தியர்களிலும் கட்சிக்கொருவர் உண்டு: பத்மபூஷண் பெற்ற விடுதி அதிபர் சந்த் சிங் சத்வால் ஹிலாரி உள்ளிட்டோருக்குப் பினாமி நன்கொடை திரட்டியதையும், தினேஷ் டிசூசா குடியரசுக் கட்சி வேட்பாளர் ஒருவருக்குப் பினாமிகள் வழியாக 20,000 டாலர் கொடுத்ததையும் 2014 இல் ஒப்புக்கொண்டார்கள். டிசூசாவுக்கு 2018 இல் டிரம்ப் மன்னிப்பு அளித்தார்.

வேட்பாளர் வரை போன வழக்குகளும் கரையேறவில்லை. நெப்ராஸ்காவின் குடியரசுக் கட்சிக் காங்கிரஸ் உறுப்பினர் ஜெஃப் ஃபோர்ட்டன்பெரி, நைஜீரியப் பெருஞ்செல்வர் கில்பர்ட் சகூரியின் 30,000 டாலரைப் பற்றிப் பொய் சொன்னதாக 2022 இல் குற்றவாளி ஆனார். தவறான ஊரில் வழக்கு நடந்தது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது, 2025 ஜனவரியில் அரசு வழக்கையே கைவிட்டது. துருக்கிப் பணத்தைப் பெற்றதாக 2024 செப்டம்பரில் குற்றஞ்சாட்டப்பட்ட, அப்போதைய நியூயார்க் மேயர் எரிக் ஆடம்ஸ் ஜனநாயகக் கட்சிக்காரர். அவர்மீதான வழக்கைக் கைவிடச் சொன்னது டிரம்பின் நீதித் துறை. அதற்கு உடன்படாத வழக்கறிஞர்கள் பதவி விலகினார்கள், 2025 ஏப்ரலில் வழக்கு தள்ளுபடியானது. கட்சி வேற்றுமை எங்கே மறையும் என்று கேட்டவர்கள் இந்த வழக்கைப் படிக்கலாம்.

காரணம் மர்மமானதல்ல. தெரிந்தே செய்தார் என்று நிறுவினால்தான் குற்றம். வேட்பாளருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதற்காகவே இடைத்தரகர் இருக்கிறார். 2021 இல் கோஹன் விவகாரம் தேர்தல் ஆணையத்துக்கு வந்தபோது, மேற்கொண்டு விசாரிக்கலாம் என்று அதன் சட்டப் பிரிவு பரிந்துரைத்தும் வாக்கு 2க்கு 2 என்று முட்டி நின்றது. வேண்டாம் என்ற இரு குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று: கோஹன்தான் தண்டிக்கப்பட்டுவிட்டாரே.

2025 ஆகஸ்டு 7

"அந்த ஆணையம் என்னதான் செய்கிறது?" என்று கேட்டவர், நம் ஊர்த் தேர்தல் ஆணையத்தை மனத்தில் வைத்துக் கேட்கிறார் போலும். இது தேர்தல் நடத்தும் அமைப்பு அன்று. கூட்டாட்சித் தேர்தல்களின் நிதிக் கணக்கை மட்டும் பார்க்கும். ஆறு உறுப்பினர்கள், ஒரு கட்சிக்கு மூவருக்கு மேல் கூடாது, எதைச் செய்யவும் நான்கு வாக்கு வேண்டும். வாட்டர்கேட்டுக்குப் பிறகு, ஆளும் கட்சி இதை ஆயுதமாக்கிவிடக் கூடாது என்ற அச்சத்தில் அப்படி அமைத்தார்கள். அந்த அச்சம் நியாயமானதுதான். 2025 இல் அந்த நான்குக்கும் வழியில்லாமல் போனது. ஜனவரியில் ஒருவர் விலகினார், பிப்ரவரியில் எலன் வைன்ட்ராபை டிரம்ப் நீக்கினார், ஏப்ரல் இறுதியில் இன்னொருவர் விலகினார். மே மாதத் தொடக்கத்திலிருந்து, முடிவெடுக்கத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கை ஆணையத்துக்கு இல்லாமல் போனது. அது இல்லாதபோது புகார்களை வாங்கி அடுக்கலாம், வேட்பாளர்களின் கணக்கறிக்கைகளை வெளியிடலாம். விசாரணை தொடங்கவோ அபராதம் விதிக்கவோ முடியாது.

அபராதத்துக்கான காலவரம்பு ஐந்து ஆண்டு. 2020 தேர்தல் காலத்து மீறல்களைப் பற்றிய புகார்களில் இன்னும் முடியாதவை, எந்தக் கட்சியினுடையவை ஆனாலும், 2025 இலையுதிர்காலத்துக்குள் ஒவ்வொன்றாகக் காலாவதி ஆகும் நிலையில் இருந்தன. புதிய உறுப்பினர்களை அதிபர் முன்மொழிந்து செனட் ஒப்புதல் தர வேண்டும். 2025 ஆகஸ்டுத் தொடக்கம் வரை அவையின் முன் ஒரு பெயரும் வரவில்லை.